டிஸ்ப்ளே வரலைன்னா செத்துப்போச்சா? பழைய சன் வொர்க்ஸ்டேஷனும் சீரியல் கன்சோலும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பழைய கம்ப்யூட்டருக்கு இறப்புச் சான்றிதழ் எழுத ரெண்டே வார்த்தை போதும்: "டிஸ்ப்ளே வரல." அதைச் சொல்லிட்டா அடுத்து எடைக்கல்தான். உள்ளே ஃபேன் சுத்துதா, டிஸ்க் சத்தம் கேக்குதா என்று யாரும் காது கொடுக்க மாட்டாங்க. திரை கறுப்பா இருக்கு, அவ்ளோதான்.

ஆனா ஒரு வகை மெஷின்கள் இருக்கு. திரை கறுப்பா இருக்கும்போதும் அவை பின்பக்கத்து ஒரு 25 பின் ஓட்டையில் விடாமல் பேசிக்கிட்டே இருக்கும். கேக்கத்தான் ஆள் இருக்காது. அப்படி ஒரு மெஷினைக் கேட்டு, அதில் இருந்த டேட்டாவை எடுத்து, புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்ட குறிப்புகள் இது. மானிட்டர் கிடையாது, அந்த மெஷினுக்கென்று கீபோர்டும் கிடையாது. எல்லாமே ஒரு சீரியல் கேபிள் வழியாத்தான்.

ஒரு முன்குறிப்பு: கமாண்டுகளைக் காதில் விழுகிறபடி தமிழிலேயே எழுதியிருக்கேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டணும். நடுவில் வரும் சிறு கோடும் கமாண்டின் பகுதிதான்.

இந்தப் பக்கம் யூனிக்ஸ் மெஷின் எப்படி வந்தது?

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தன்னோட அல்ட்ரா 5, அல்ட்ரா 10 வொர்க்ஸ்டேஷன்களை 1998 ஜனவரியில் வெளியிட்டது. அதே 1998 செப்டம்பரில்தான் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. ரெண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனா காலம் ஒண்ணு. அன்னிக்கு கார் பாகங்களை வரையப் பயன்பட்ட கேட்டியா நான்காம் பதிப்பு, யூனிக்ஸ் வொர்க்ஸ்டேஷன்களில் ஓடிய மென்பொருள்: ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ், எச்பி-யுஎக்ஸ், ஐரிக்ஸ், சோலாரிஸ். எலக்ட்ரானிக்ஸ் பக்கமும் அதே கதைதான். சர்க்யூட் போர்டைச் சோதிக்கும் எச்பி 3070 டெஸ்டர் பல வருஷம் எச்பி-யுஎக்ஸ் வொர்க்ஸ்டேஷனோடுதான் வந்தது.

பெரிய கம்பெனிகள் புதுசு வாங்கினால், பழசு கைமாறி சின்ன டூல் ரூம்களுக்கு வரும். சுங்குவார்சத்திரம் பக்கம் டூல் ரூம் வைத்திருக்கும் நண்பர் ஒருத்தரிடம் இருந்ததும் அப்படி வந்த ஒரு அல்ட்ரா 10. 333 மெகாஹெர்ட்ஸ், 256 மெகாபைட் மெமரி. அதில் பத்துப் பதினஞ்சு பிரஸ் டூல்களின் வரைபடம் இருந்தது. "அந்த மெஷின் செத்துப் பல வருஷம் ஆச்சு. ஆனா ஒரு டையோட இன்சர்ட்டை இன்னிக்கும் ஸ்பேருக்குக் கேக்குறாங்க. வரைபடம் இல்லாம, தேஞ்ச பாகத்தையே அளந்து அளந்து வெட்டிக் குடுக்குறேன்" என்றார். தேய்ந்த பாகத்தை அளந்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே வெட்டப்படும். அந்தத் தொழிலில் இது சின்ன விஷயம் இல்லை.

கீபோர்டு போனதால் காணாமல் போன திரை

சன் மெஷின்களின் ஒரு குணத்தை முதலில் தெரிஞ்சுக்கணும். பவர் போட்டதும் அது தன் கீபோர்டு இருக்கான்னு பார்க்கும். இருந்தா, மானிட்டரில் பேசும். இல்லைன்னா, "சரி, இங்கே ஆள் உட்காரவில்லை, தூரத்திலிருந்து யாரோ டெர்மினலில் பார்க்கிறார்கள்" என்று முடிவு பண்ணி, பேச்சை முழுக்க முதல் சீரியல் போர்ட்டுக்கு மாத்திடும். அதுக்கு டிடிஒய்ஏ என்று பேர். சர்வர் அறையில் கீபோர்டே இல்லாமல் வரிசையா அடுக்கி வைத்த மெஷின்களுக்கு இது வசதி. ஆனா மேஜையில் இருக்கும் ஒரு மெஷினில், கீபோர்டு ஒயர் எலி கடிச்சோ கனெக்டர் பின் வளைஞ்சோ போனால், பயனருக்குத் தெரிவது ஒண்ணே ஒண்ணுதான்: டிஸ்ப்ளே வரல.

கீபோர்டு கெட்டால் திரை போகும் என்று யாருக்குத் தோணும்? மானிட்டரை மாத்திப் பார்ப்பாங்க, கிராஃபிக்ஸ் கார்டைக் கழட்டி மாட்டுவாங்க. கடைசியில் மதர்போர்டு போச்சுன்னு சொல்லி மூலையில் வைப்பாங்க. சன் கீபோர்டு சாதாரண பிஎஸ்2 கிடையாது, எட்டு பின் உள்ள தனி வகை. இன்னிக்கு ரிச்சி ஸ்ட்ரீட் முழுக்கச் சுத்தினாலும் கிடைச்சால் அதிர்ஷ்டம்.

ஆனா நமக்குக் கீபோர்டே வேண்டாம். கீபோர்டு இல்லை என்பதுதான் நமக்குத் திறக்கும் கதவு.

மூணு கம்பி

சீரியல் கன்சோலுக்குத் தேவை மூணே மூணு கம்பி: அனுப்ப ஒண்ணு, வாங்க ஒண்ணு, பொதுவான கிரவுண்ட் ஒண்ணு. ஆர்எஸ்-232 என்ற இந்த முறை 1960இல் வந்தது. கம்பியில் மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் இருந்தால் அது 1. பிளஸ் 3 முதல் பிளஸ் 15 வரை இருந்தால் 0. ஒண்ணும் பேசாதபோது கம்பி மைனஸில் கிடக்கும்.

ஒரு எழுத்து எப்படிப் போகுதுன்னா, முதலில் கம்பி ஒரு பிட் நேரம் பிளஸுக்குத் தாவும். "கவனி, வருது" என்று அர்த்தம். பிறகு எட்டு டேட்டா பிட். கடைசியில் ஒரு பிட் நேரம் மைனஸில் நிற்கும். மொத்தம் 10 பிட். சன் மெஷினின் வழக்கமான வேகம் நொடிக்கு 9600 பிட். அப்படின்னா நொடிக்கு 960 எழுத்து. 80 எழுத்து அகலம், 24 வரி உள்ள ஒரு முழுத்திரை நிரம்ப ரெண்டு நொடி. மெதுவா வரிவரியா எழுதிக்கிட்டு வருவதைக் கண்ணால் பார்க்கலாம்.

இதில் ரெண்டு மெஷினும் சேர்ந்து ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம் ரொம்பக் குறைவு. வேகம் என்ன, எத்தனை பிட், பாரிட்டி உண்டா, ஸ்டாப் பிட் எத்தனை. நாலே கேள்வி. டிரைவர் இல்லை, ரெசல்யூஷன் இல்லை, பாஸ்வேர்டு வச்ச வைஃபை இல்லை. ஒப்பந்தம் இவ்வளவு சின்னதா இருப்பதால்தான் 25 வருஷத்துக்கு முந்தின மெஷினும் இன்னிக்கு வாங்கின லேப்டாப்பும் ஒருவரை ஒருவர் புரிஞ்சுக்க முடியுது.

கேபிளுக்கு நான் ஐடி ஆட்களைத் தேடவே இல்லை. இந்தப் பகுதியில் ஆர்எஸ்-232 தெரிந்தவர்கள் சிஎன்சி மெஷின் பராமரிக்கும் ஃபிட்டர்கள். பழைய கன்ட்ரோலர்களுக்கு இன்னிக்கும் புரோகிராம் ஏத்துவது சீரியல் கேபிள் வழியாத்தான். ஒரு ஷாப்பில் பழகின ஃபிட்டர் அண்ணன் பத்து நிமிஷத்தில் பற்ற வைத்துக் கொடுத்தார். அவரிடம் கத்துக்கிட்ட ஒரு விஷயம்: சன் பக்கம் 25 பின், லேப்டாப் அடாப்டர் பக்கம் 9 பின். 25 பின்னில் 2ஆம் பின் அனுப்பும், 3ஆம் பின் வாங்கும். 9 பின்னில் அது தலைகீழ், 2 வாங்கும், 3 அனுப்பும். அதனால் 2க்கு 2, 3க்கு 3, 7க்கு 5 என்று நேரா இணைத்தாலே உண்மையில் அது குறுக்கு இணைப்பு. "நம்பரைப் பாக்காதீங்க தம்பி, எது பேசுது எது கேக்குதுன்னு பாருங்க" என்றார். நல் மோடம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் நான் எந்தப் புத்தகத்திலும் படிச்சதில்லை.

எச்சரிக்கை ஒண்ணு. யுஎஸ்பி-சீரியல் அடாப்டர்களில் ரெண்டு ஜாதி உண்டு. ஒண்ணு உண்மையான ஆர்எஸ்-232. இன்னொண்ணு ராஸ்பெர்ரி பை, மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளுக்கான 3.3 வோல்ட் வகை. ரெண்டாவதைச் சன்னில் சொருகினால் அந்த அடாப்டர் புகையலாம். பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி பேக்கெட்டில்தான் வரும்.

அமைதி கெட்ட சகுனம், குப்பை நல்ல சகுனம்

லேப்டாப்பில் பிகோகாம், மினிகாம், ஸ்க்ரீன், விண்டோஸ் என்றால் புட்டி, எதுவானாலும் சரி. வேகம் 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். இப்ப சன்னை ஆன் பண்ணுங்க.

ஒண்ணுமே வரலைன்னா கம்பியைப் பாருங்க. அனுப்புவதும் வாங்குவதும் மாறியிருக்கும், அல்லது ரெண்டாவது போர்ட்டில் சொருகியிருப்பீங்க. கிறுக்கல் கிறுக்கலா எழுத்து வந்தால் சந்தோஷப்படுங்க. கம்பி சரி, ஒப்பந்தம்தான் தப்பு. பல சிஎன்சி கன்ட்ரோலர்கள் 7 பிட், ஈவன் பாரிட்டியில் பேசும். அந்த லேப்டாப்பை அப்படியே கொண்டுவந்து மாட்டினால் இப்படித்தான் குப்பை தெரியும். அமைப்பை மாத்தினா சரியாயிடும்.

எங்களுக்கு முதல் முறையே வந்தது. சோதனை வரிகள் ஓடி முடிந்ததும், சன் அல்ட்ரா 5/10, அல்ட்ராஸ்பார்க் டூ-ஐ 333 மெகாஹெர்ட்ஸ், அதே வரியில் "நோ கீபோர்டு". நண்பர் அந்தக் கடைசி ரெண்டு வார்த்தையை எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா இதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சா?" என்று கேட்டார்.

பழைய டிஸ்கை பூட் ஆக விடாதீங்க

இந்த இடத்தில் அவசரம் கூடாது. மெஷின் உயிரோடு இருக்கு என்று தெரிந்ததும், பழைய சோலாரிஸ் எழும்பட்டும் என்று விடத் தோணும். பல வருஷம் சும்மா கிடந்த டிஸ்க் அது. எழும்போதே அதில் எழுத ஆரம்பிச்சிடும். எழுதும் ஒவ்வொரு பிளாக்கும் ஆபத்து.

அதனால் பேனர் வந்த உடனே பிரேக் அனுப்பணும். பிரேக் என்பது ஒரு எழுத்து கிடையாது. சாதாரணமா ஒரு எழுத்து முடிய 1.04 மில்லி செகண்ட் ஆகும், அதன் கடைசியில் கம்பி மைனஸுக்குத் திரும்பியே ஆகணும். அப்படித் திரும்பாமல் அதைவிட அதிக நேரம் பிளஸிலேயே பிடித்து வைத்தால், அதுதான் பிரேக். சன் கீபோர்டில் ஸ்டாப்-ஏ என்ற சாவி ஜோடி செய்யும் வேலை. ஸ்க்ரீன் நிரலில் கன்ட்ரோலும் ஏயும் சேர்த்து அழுத்தி விட்டு, பிறகு பி. புட்டியில் மெனுவுக்குள் ஸ்பெஷல் கமாண்ட் பகுதியில் இருக்கும்.

பிரேக் போய்ச் சேர்ந்ததும் வரும் ப்ராம்ப்ட், "ஓகே". இதுதான் ஓபன்பூட். ஃபோர்த் என்ற மொழியில் எழுதப்பட்டு, மெஷினின் ரோமிலேயே குடியிருக்கும் ஒரு சின்ன உலகம். 1994இல் ஐஇஇஇ 1275 என்ற தரமாகவே ஆனது. ஆப்பிளின் பழைய பவர்பிசி மேக்குகளிலும் இதே வம்சம்தான். இங்கே 2, இடைவெளி, 3, இடைவெளி, கூட்டல் குறி, இடைவெளி, புள்ளி என்று தட்டினால் 5 என்று பதில் வரும். டிஸ்க் இல்லை, ஓஎஸ் இல்லை, ஆனாலும் கணக்குப் போடுது.

ப்ரோப்-ஐடிஇ என்று தட்டினோம். டிஸ்கின் மாடல் பேர் வந்தது. அதாவது டிஸ்கின் எலக்ட்ரானிக்ஸ் பதில் சொல்லுது. அதுக்கு மேல் அந்த மெஷினில் ஒண்ணும் செய்யாமல் பவரை அணைத்து, டிஸ்கைக் கழட்டி, ஐடிஇ-யுஎஸ்பி அடாப்டரில் ஒரு லினக்ஸ் பிசியில் மாட்டி, டிடிரெஸ்க்யூ கொண்டு முழுப் பிரதி எடுத்தோம். லினக்ஸுக்கு சன் பார்ட்டிஷன் டேபிளும் புரியும், சோலாரிஸின் யுஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டமும் புரியும். மவுன்ட் செய்யும்போது யுஎஃப்எஸ் டைப் சன் என்றும், ரீட்-ஒன்லி என்றும் சொல்லணும். பிரதியைத்தான் மவுன்ட் பண்ணணும், அசலை அல்ல.

மாடல் ஃபைல்கள் இருந்தன. சில செக்டர்கள் படிக்க முடியாமல் போனதில் ரெண்டு வரைபடம் கெட்டிருந்தது. இன்சர்ட் உள்ள டை அந்த ரெண்டில் இல்லை. கேட்டியா ஐந்தாம் பதிப்புக்கு நான்காம் பதிப்பின் ஃபைல்களைத் திறக்கத் தெரியும் என்பதால், அதை வைத்திருக்கும் ஒரு டிசைனரிடம் கொடுத்து நண்பர் வரைபடத்தை வாங்கிக்கிட்டார். மெஷினை என்னிடம் விட்டுவிட்டார், ஒரு நிபந்தனையோடு: பழைய டிஸ்க் அவரிடமே இருக்கும். சரியான நிபந்தனை. ஒரு வெண்டரின் டிஸ்கில் அவருடைய வாடிக்கையாளரின் வரைபடமும் இருக்கும். அதை எடைக்குப் போடுவது வேறொருவர் வீட்டுச் சாவியை எடைக்குப் போடுவது மாதிரி.

பேட்டரி போன நினைவு

புது ஓஎஸ் போடும் முன் இன்னொரு சிக்கல். பேனரில் ஈதர்நெட் முகவரி முழுக்க எஃப்எஃப், எஃப்எஃப் என்று வந்தது. ஐடிப்ராம் செல்லாது என்ற எச்சரிக்கையும் கூடவே.

சன் மெஷின்களில் ஈதர்நெட் முகவரியும் ஹோஸ்ட் ஐடியும் நெட்வொர்க் கார்டில் இல்லை. மதர்போர்டில் சொருகியிருக்கும் ஒரு என்விராம் சிப்பில் இருக்கும். அதே சிப்புக்குள் கடிகாரமும் அதை ஓட்டும் பேட்டரியும் சேர்த்து மூடப்பட்டிருக்கும். பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பத்து வருஷம். அது போனால் மெஷினுக்குத் தன் பேரே மறந்துபோகும். அந்தக் காலத்து மென்பொருள் லைசென்ஸ்கள் பல இந்த ஹோஸ்ட் ஐடியோடு கட்டப்பட்டவை. பேட்டரி போனால் லைசென்ஸும் போகும்.

நல்ல வேளையா, ஓபன்பூட்டிலிருந்தே அந்த 16 பைட்டை மறுபடி எழுதலாம். முதல் பைட் 1. ரெண்டாவது இந்த வகை மெஷினுக்கு ஹெக்ஸில் 80. அடுத்து ஆறு பைட் ஈதர்நெட் முகவரி, சன் கொடுத்தவை 8:0:20 என்று தொடங்கும். நாலு பைட் தயாரிப்புத் தேதி, மூணு பைட் வரிசை எண். கடைசி பைட், முந்தின 15ஐயும் எக்ஸ்-ஆர் செய்து வரும் சரிபார்ப்பு. எம்கேபி என்ற கமாண்ட் ஒவ்வொரு பைட்டா எழுதும். மெஷினின் அசல் எண் ஸ்டிக்கரிலோ பழைய பில்லிலோ இருந்தால் அதையே எழுதுங்க. வேறொரு மெஷினின் எண்ணை எழுதி லைசென்ஸை ஏமாத்தவும் இதே வழிதான். அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இப்படி எழுதியது பவர் இருக்கும்வரைதான். நிலையா வேணும்னா புது சிப், இல்லைன்னா பழைய சிப்பின் மேல்பக்கத்தை அரத்தால் தேய்த்து, உள்ளிருக்கும் பேட்டரி முனைகளைக் கண்டுபிடித்து, வெளியே ஒரு சிஆர் 2032 நாணய பேட்டரியைப் பற்ற வைக்கணும். ஃபிட்டர் அண்ணனின் சால்டரிங் கைக்கு மறுபடி வேலை.

எந்த ஓஎஸ்?

சோலாரிஸ் 10 இந்த மெஷினில் ஓடும், அது 2005இல் வந்தது. சோலாரிஸ் 11 இந்தத் தலைமுறையைக் கைவிட்டது. டெபியனின் அதிகாரபூர்வ ஸ்பார்க் பதிப்பு 7ஆம் வெளியீட்டோடு முடிந்தது. புதுசா வெளியிட்டுக்கிட்டே இருக்கும் கணக்கில் நிற்பவை நெட்பிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி. நான் எடுத்தது ஓபன்பிஎஸ்டி. காரணம் எளிது. அதன் இன்ஸ்டாலர் ஒவ்வொரு வரியா கேள்வி கேக்கும், நாம ஒவ்வொரு வரியா பதில் சொல்லுவோம். பெட்டி வரைவது, வண்ணம் தீட்டுவது எதுவும் இல்லை. நொடிக்கு 960 எழுத்துள்ள கம்பிக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கும்.

சோலாரிஸ் இன்ஸ்டாலரை சீரியலில் ஓட்டினால் வேறு அனுபவம். "என்ன டெர்மினல்?" என்று ஒரு பட்டியல் கொடுக்கும். விடி100ஐத் தேர்ந்தெடுக்கணும். பிறகு "தொடர எஃப்2 அழுத்து" என்று கேக்கும். எஃப்2 சீரியலில் பல நேரம் சரியாப் போகாது. எஸ்கேப் அழுத்தி விட்டு 2 அழுத்தணும். இது தெரியாமல் முதல் திரையிலேயே மணிக்கணக்கா உட்கார்ந்திருக்க முடியும்.

இன்ஸ்டால்

இந்த மெஷினின் டிஸ்க், சிடி டிரைவ் ரெண்டும் ஐடிஇ என்பது பெரிய வசதி. ஒரு பழைய 40 ஜிபி டிஸ்க், ஒரு பிசியின் சிடி டிரைவ், ரெண்டும் அப்படியே பொருந்தின. முதலில் வாட்ச்-க்ளாக் என்று தட்டிப் பாருங்க, நொடி ஓடினால் கடிகாரம் சரி. வாட்ச்-நெட் தட்டினால் நெட்வொர்க்கில் நல்ல பாக்கெட் வரும்போதெல்லாம் ஒரு புள்ளி விழும். பிறகு பூட் சிடிராம்.

சிடியே இல்லைன்னா நெட்வொர்க் வழி உண்டு. பூட் நெட் என்றதும் மெஷின் "இந்த ஈதர்நெட் முகவரிக்கு என்ன ஐபி?" என்று ஆர்ஏஆர்பி மூலம் கூவிக் கேக்கும். பதிலா 192.168.1.50 என்று கிடைச்சால், அதை ஹெக்ஸில் மாத்தி சி0ஏ80132 என்ற பெயருள்ள ஃபைலை டிஎஃப்டிபியில் தேடும். அந்தப் பெயரில் பூட் லோடரை வச்சிருக்கணும், எழுத்துகள் பெரிய எழுத்தில். அந்த லோடர் பிறகு என்எஃப்எஸ் வழியா கெர்னலை எடுக்கும். ஈதர்நெட் முகவரி எஃப்எஃப் என்று கிடந்தால் இந்தக் கூவலுக்குப் பதில் சொல்லவே முடியாது. என்விராமை முதலில் சரிசெய்யச் சொன்னதுக்கு இது இன்னொரு காரணம்.

பலருக்கு வரும் சந்தேகம்: "ஓஎஸ் முழுக்க இந்த 9600 கம்பியிலா வருது?" இல்லை. 600 எம்பி இந்தக் கம்பியில் வந்தால் ஏழு நாளுக்கு மேல் ஆகும். கம்பியில் போவது நம்ம உரையாடல் மட்டும். சரக்கு வருவது சிடியிலோ ஈதர்நெட்டிலோ. ஃபோனில் ஆர்டர் சொல்றோம், லாரியில் மூட்டை வருது.

இன்ஸ்டாலரின் கேள்விகள் சில நிமிஷ வேலை. டெர்மினல் விடி220, மெஷினுக்கு ஒரு பேர், நெட்வொர்க் கார்டு எச்எம்ஈ0, டிஸ்க் டபிள்யூடி0, பார்ட்டிஷன் தானாகவே. பிறகு அன்பேக் ஆகும் வரை டீ குடிக்கலாம். முதல் பூட்டின்போது பயப்படாதீங்க. ஓபன்பிஎஸ்டி ஒவ்வொரு முறையும் லைப்ரரிகளின் வரிசையைக் கலைத்து அடுக்கும், கெர்னலையும் புதுசா இணைக்கும். தாக்குபவருக்கு எது எங்கே இருக்குன்னு தெரியக்கூடாது என்பதற்காக. புது லேப்டாப்பில் தெரியாது, 333 மெகாஹெர்ட்ஸில் நல்லாவே தெரியும்.

கடைசியா ஓகே ப்ராம்ப்டில் செட்என்வி கொண்டு இன்புட்-டிவைஸ், அவுட்புட்-டிவைஸ் ரெண்டையும் டிடிஒய்ஏ என்று வச்சிடுங்க. நாளைக்கு யாராவது ஒரு சன் கீபோர்டைக் கண்டுபிடித்து மாட்டினாலும் கன்சோல் ஓடிப்போகாது.

சோலாரிஸே வச்சிருக்கும் ஆட்களுக்கு ஒரு வார்த்தை: ஓடிக்கிட்டிருக்கும் சன்னிலிருந்து டெர்மினலைப் பிடுங்கினால் அதையும் சில சமயம் பிரேக் என்று எடுத்துக்கொள்ளும். மொத்த மெஷினும் ஓகே என்று நின்றுவிடும். லைனில் இருக்கும் டெஸ்டருக்கு இது நடந்தால் என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை.

இதனால என்ன லாபம்?

நேர்மையா சொல்லணும்னா, வேகத்தில் ஒரு ராஸ்பெர்ரி பை இதைச் சுலபமா தோற்கடிக்கும், கரண்டும் குறைவு. ஆனா இதில் ஒரு குணம் இருக்கு. ஸ்பார்க் பெரிய பைட்டை முன்னால் வைக்கும், இன்டெல் சின்னதை முன்னால் வைக்கும். தொழிற்சாலை எனர்ஜி மீட்டர்கள் பேசும் மோட்பஸ்ஸும் பெரியதையே முன்னால் அனுப்பும். இன்டெல்லில் தற்செயலா சரியா ஓடும் நிரல் இங்கே உடனே மாட்டிக்கும். சீரற்ற முகவரியிலிருந்து நாலு பைட் எண்ணைப் படிக்கப் பார்த்தால் இன்டெல் பொறுத்துக்கும், ஸ்பார்க் பஸ் எரர் என்று நிறுத்திடும். பேனலுக்குள் வைக்கும் கார்டெக்ஸ் எம்0 மைக்ரோகன்ட்ரோலரும் பொறுத்துக்காது. ஹெச்டி மின் இணைப்பு உள்ள ஷாப்புகளுக்கு உச்சத் தேவைக்கும் சேர்த்துத்தான் பில் வரும். மீட்டர் படிக்கும் நிரல் தப்பினால் அது பணம். அந்தத் தப்பு ஷாப்பில் தெரிவதைவிட என் மேஜையில் தெரிவது நல்லது. எமுலேட்டரிலும் இதைச் செய்யலாம், உண்மைதான்.

எமுலேட்டர் தராதது வேறொண்ணு. டிப்ளமோ முடிச்சு இந்தப் பக்கம் அப்ரண்டிஸா வரும் பசங்க ரெண்டு மூணு பேர் சனிக்கிழமை வந்து இந்த மெஷினில் கேபிள் மாட்டிப் பழகுறாங்க. இங்கே கத்துக்கும் 9600, எட்டு பிட், குறுக்குக் கம்பி, பிரேக் எல்லாம் சன்னோடு முடிவதில்லை. நெட்வொர்க் ஸ்விட்ச்சின் கன்சோல் போர்ட், ரவுட்டருக்குள் இருக்கும் நாலு பின், சிஎன்சி கன்ட்ரோலர், எல்லாத்திலும் இதே கதவு வேறு வேறு வேகத்தில் இருக்கு. போன வாரம் அவங்களில் ஒருத்தன் தன் ஷாப்பில் "செத்துப்போன" ஒரு ஸ்விட்ச்சை எடைக்குப் போடும் முன் கன்சோல் கேபிள் மாட்டிப் பார்த்திருக்கான். ஃபர்ம்வேர் ஃபைல் காணோம்னு அது வரிவரியா சொல்லிக்கிட்டு இருந்ததாம்.